வாளைக் காத்த மூங்கில்

வாள் வித்தையின் அரிச்சுவடியிலிருந்து இன்று நான் தொடங்கப் போவதில்லை. முஹர்ரம் நாள்களில் கொல்கத்தாத் தெருக்களில் அகாடா என்னும் பயிற்சிக்கூடங்களைச் சேர்ந்தவர்கள் தடி சுழற்றிப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊர்த் திருவிழாவில் சிலம்பம் பார்க்காத தமிழரும் குறைவு. நான் பேச வந்தது அண்மைக்காலத்து மோகம் ஒன்றைப் பற்றி. நெளிந்த அலகுடைய ஜாவா கிரிஸ், பர்மியர்களின் நீண்ட தா, பிலிப்பீன்ஸின் கம்பிலான், இவற்றோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் ஜப்பானியக் கட்டானா என்று வாளின் வடிவத்தில் மயங்குகிற கூட்டம் பெருகிவிட்டது. அலகு எப்படி மின்னுகிறது, கைப்பிடி எந்தக் கொம்பில் செய்தது என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதை ஏந்தியவன் காலை எங்கே வைத்தான் என்று கேட்பாரில்லை. மேடைகளிலும் இதே கதைதான்: விளக்கொளியில் வாள் வட்டம் போடுகிறது, எதிரில் ஆள் யாரும் இல்லை, கைதட்டல் மட்டும் பலமாக இருக்கிறது. இதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாட்டின் வாள்கலையை எடைபோட விரும்பினால் அந்த நாட்டின் வாளைப் பார்க்காதீர்கள், பயிற்சித் தடியைப் பாருங்கள். வாள்கலையை உயிரோடு வைத்திருந்தது மூங்கிலும் பிரம்பும்தான். அதற்கு நல்ல சாட்சி நாம் இருக்கும் இந்தக் கொல்கத்தாவே.

1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றானது. வங்கத்தில் வாள் ஏற்கெனவே ஜமீன்தார் வீட்டுச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது; சட்டம் அதை அங்கேயே பூட்டிவைத்தது. கையில் மிஞ்சியது தடி. நிலத்தகராறுகளில் ஜமீன்தார்களுக்காக இறங்கிய லாட்டியால் என்னும் தடிக்காரர்களின் தடிக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. ஆனால் அந்தத் தடியின் நாளும் முடிந்துபோனதே என்று பங்கிம் சந்திரர் 1884இல் வெளிவந்த ‘தேவி சௌதுராணி’ நாவலில் தடியை விளித்தே ஒரு புலம்பல் எழுதியிருக்கிறார். கதையை நிறுத்திவிட்டுத் தடிக்காக ஒரு நாவலாசிரியர் அழுகிறார் என்றால், அன்றைய வங்காளிப் படிப்பாளியின் மனத்தில் அது எந்த இடத்தில் உறுத்தியிருக்கும் என்று பாருங்கள். பங்கிம் சொன்ன அனுசீலனக் கோட்பாட்டிலிருந்துதான் 1902 மார்ச்சில் கொல்கத்தாவில் சதீஷ் சந்திர பாசு தொடங்கிய அனுசீலன் சமிதிக்கும் பெயர் வந்தது. பிரமதநாத் மித்ரா தலைவர். வெளியே பார்த்தால் உடற்பயிற்சிக் கழகம். உள்ளே நடந்தது ரகசியப் புரட்சி ஏற்பாடு என்பது உங்களுக்குத் தெரிந்த வரலாறு.

அதே காலத்தில் இந்த நகரத்தில் இரண்டு காரியங்கள் அக்கம்பக்கமாக நடந்தன. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒருவரே: ரவீந்திரநாத் தாகூரின் அக்கா ஸ்வர்ணகுமாரி தேவியின் மகள் சரளாதேவி. துர்க்கா பூஜையின் அஷ்டமி நாளில் அவர் வீராஷ்டமி விழாவைத் தொடங்கினார். நடுவில் ஒரு வாள். இளைஞர்கள் அதைச் சூழ்ந்து நின்று வீரர்களின் பெயர்களைச் சொல்லி அதற்குப் பூப் போடுவார்கள். பிறகு விளையாட்டுகள், தடிப் போட்டிகள். இது ஒன்று. இன்னொன்று, முர்தஸா என்ற முஸ்லிம் ஆசானை வரவழைத்துத் தம் வீட்டு முற்றத்திலேயே பையன்களுக்குத் தடியும் வாளும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். முதல் காரியத்தில் வாள் வணங்கப்படுகிறது. இரண்டாவதில் வாளைப் பிடிக்கும் கை பழக்கப்படுகிறது. சரளாதேவிக்கு இரண்டும் வேண்டியிருந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எது நிலைத்தது? பூப் போட்ட விழா அவர் 1905இல் திருமணமாகி லாகூர் போனபின் மெல்ல மங்கியது. முர்தஸாவின் பாடம் டாக்கா வரை போய், அந்தமான் சிறை கண்டவர் ஒருவர் வழியாகத் திரும்பவும் கொல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தது.

அவர்தான் புலின் பிஹாரி தாஸ். இனி இந்த உரையில் பெரும்பகுதியை அவரே எடுத்துக்கொள்ளப் போகிறார். இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர். 1877இல் ஃபரீத்பூர் மாவட்டத்து லோன்சிங் கிராமத்தில் பிறந்தவர். டாக்கா கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராகவும் செய்முறை விளக்குநராகவும் இருந்தார். இதை மறந்துவிடாதீர்கள், ஒன்றைப் பிரித்து, வரிசைப்படுத்தி, அடுத்தவருக்குச் செய்துகாட்டுவது அவருடைய தொழில். கொல்கத்தாவில் சரளாதேவியின் அகாடாவுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 1903இல் டாக்காவின் டிக்காட்டுலியில் தாமும் ஓர் அகாடா திறந்தார். 1905இல் முர்தஸாவிடமே தடியும் வாளும் கற்றார். 1906இல் பிபின் சந்திர பாலும் பிரமதநாத் மித்ராவும் கிழக்கு வங்கத்தில் சுற்றுப்பயணம் வந்தபோது டாக்கா அனுசீலன் சமிதியை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தொடக்கத்தில் 80 இளைஞர்கள். சில ஆண்டுகளில் 500க்கும் மேற்பட்ட கிளைகள்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் என் வாதம் இருக்கிறது. 500 கிளைக்கு வாள் எங்கே கிடைத்திருக்கும்? ஆயுதச் சட்டம் இருந்தது, பணம் இல்லை, போலீசு மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. மூங்கிலுக்கு உரிமம் தேவையில்லை. கிழக்கு வங்கத்தில் அது கொல்லைக்குக் கொல்லை வளர்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாடம் வரிசையாக இருந்தது. ஓர் ஊரில் கற்றவன் அடுத்த ஊருக்குப் போய் அதே வரிசையில் கற்பிக்க முடிந்தது. முதலில் தடி, தடியிலும் பெரியது, சிறியது என்று இரு வகை. ஆள் உயரத்தை ஒட்டிய பெரிய லத்தி உடம்பு முழுவதையும் திருப்பப் பழக்கும். ஒரு கையில் பிடிக்கும் சிறிய லத்தி வாளின் இடத்தில் நிற்கும். வெட்டுகளுக்கு ஷிர், தமேச்சா, பாஹேரா என்று பெயர்கள் உண்டு. ஷிர் தலைக்கு, தமேச்சா கன்னத்துக்கு. ஒருவர் வெட்டைச் சொல்லி அடிக்க, மற்றவர் தடுத்துத் திரும்ப அடிப்பார். எதிரில் ஆள் இல்லாமல் இந்தப் பாடம் ஓர் அடிகூட நகராது. புலின் தாஸ் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் லத்தி கேலா, அதாவது தடியாட்டம், முன்னே நிற்கிறது, வாள் பயிற்சி பின்னே வருகிறது. கற்பித்த வரிசையும் அதுதான். ஆசானின் வாயிலும் சீடனின் முதுகுத் தழும்பிலும் மட்டும் இருந்த ஒரு வித்தையைத் தாளில் இறக்கிய துணிச்சல் அது. நம் சிலம்ப ஆசான்கள் பலர் கடைசி அடவை மகனுக்குக்கூடச் சொல்லாமல் போனார்கள் என்பதை நினைத்தால் இந்தத் துணிச்சலின் விலை தெரியும்.

அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. டாக்கா சமிதி இந்துக்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. புதிதாகச் சேர்பவன் தலையில் கீதையையும் வாளையும் வைத்துக்கொண்டு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒரு முஸ்லிம் ஆசானிடம் கற்ற வித்தை, அந்த ஆசானின் சமூகத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அரசியலாகப் பார்த்தால் அது பெரிய பிழை. கிழக்கு வங்கம் போன்ற இடத்தில் அதன் விளைவு சிறியதாக இருந்திருக்க முடியாது. இந்தப் பிழை எங்கே குடியிருந்தது என்றும் பாருங்கள். பயிற்சித் தரையில் முர்தஸா கற்பித்த வித்தையே தொடர்ந்தது. தீட்சைச் சடங்கில், வாள் தலைமேல் ஏறிய அந்த இடத்தில்தான் வேலி முளைத்தது. வாளைச் சின்னமாக்கும் இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் வெளியே நிறுத்தப்படுகிறார். இன்று ஊர்வலங்களில் வாளை உயர்த்திக் காட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதை வைத்து ஒரு வெட்டைத் தடுக்கத் தெரியும் என்று கேட்டால் கோபம் வரும். வரட்டும்.

1909 தொடக்கத்தில் சமிதி சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது. 1910இல் டாக்கா சதி வழக்கு. புலின் தாஸ் அந்தமான் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டார். விடுதலையாகி வந்தபோது காந்தியின் காலம் தொடங்கிவிட்டது. அந்த வழியில் அவர் சேரவில்லை. பழைய தோழர்கள் சிலர் துப்பாக்கியோடு தொடர்ந்தார்கள், சிலர் காங்கிரசுக்குள் போனார்கள். இவர் 1928இல் கொல்கத்தா மேச்சுவா பஜாரில் வங்கீய வியாயாம சமிதி என்ற பயிற்சிக்கூடத்தைத் திறந்து, மறுபடியும் தடி, வாள், மல்யுத்தம் என்று உட்கார்ந்துவிட்டார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1908 முசாபர்பூரில், வங்க இளைஞர் கையில் வெடிகுண்டு வந்தாயிற்று. 1914இல் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகள் இதே நகரத்தில் களவு போயின. தடி போரில் பயன்படாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கற்பித்தார். 1949இல் கொல்கத்தாவிலேயே இறந்தார்.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழுகிறது. துப்பாக்கிக் காலத்தில் தடி வெறும் பொழுதுபோக்கு, புரட்சியாளர்களே அதைக் கைவிட்டார்கள், பின் எதற்கு இந்தப் புகழ்ச்சி என்று கேட்கலாம். கேள்வி சரியானது. 1928இல் இந்த நகரத்துக் கல்லூரி மாணவிகள் தொடங்கிய சாத்ரி சங்கத்துப் பெண்களுக்குத் தடி கற்பித்தவர்களில் தினேஷ் மஜும்தாரும் ஒருவர். அவர் 1930 ஆகஸ்டில் டல்ஹௌசி சதுக்கத்தில் போலீஸ் கமிஷனர் டெகார்ட்டின் கார் மீது வீசியது வெடிகுண்டு, 1934இல் தூக்கிலிடப்பட்டார். தடி ஆசானே சண்டை என்று வந்தபோது தடியை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குத் தடியைக் கொடுத்தவரும் அவரேதான். எதிரில் இருப்பவர் அசையும் முன் தோளில் தெரியும் அசைவைப் படிப்பது, அடி விழும் தூரத்துக்கு ஒரு சாண் வெளியே நிற்பது, பயந்து பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகுவது, இவற்றைத் துப்பாக்கி கற்றுத் தராது. வீட்டுத் திண்ணையைத் தாண்டாமல் வளர்ந்த ஒரு பெண் இன்னொருத்தியின் அடியைக் கண் இமைக்காமல் எதிர்கொள்ளப் பழகியதன் மதிப்பை ஆயுதக் கணக்கில் எழுத முடியாது. கலையாக எடைபோடும்போது போர்க்களப் பயனை மட்டும் தராசில் வைத்தால், உலகத்தின் எல்லா வாள்கலையையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. தொழில் தெரிந்தவர்கள் சொல்வது: தடியும் வாளும் ஒன்றில்லை. தடி உருண்டை, அதற்குக் கூர்ப் பக்கம் கிடையாது. எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளோ அலகின் கூர் போகும் திசையில் சரியாக விழாவிட்டால் தட்டையாகப் பட்டு வழுக்கிவிடும். நம் நாட்டுத் தல்வாரின் கைப்பிடி அடியில் தட்டுப் போல ஒரு வட்டு இருக்கும். அது மணிக்கட்டைக் கட்டிப்போடும். அதனால் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் இழுத்து வெட்ட வேண்டும். சிறு லத்தியில் மணிக்கட்டு தாராளமாகச் சுழலும். அப்படிப் பழகிய கை தல்வாரைப் பிடித்தால் தடுமாறும். இது உண்மை, முழு உண்மை. அதனால்தான் புலின் தாஸின் வழியில் வாளுக்குத் தனிப் பாடம் பின்னால் வருகிறது. தடியோடு முடித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. தூரம், நேரம், காலடி, இந்த மூன்றும் தடியில் வந்துவிடும். கூரின் திசை மட்டும் வாளில் வர வேண்டும். முதல் மூன்றும் வர ஆண்டுகள் ஆகும். நான்காவது, முதல் மூன்றும் வந்தவனுக்கு எளிதில் வசப்படும். தலைகீழாகத் தொடங்கியவனுக்கு, அதாவது முதல் நாளே வாளைக் கையில் கொடுக்கப்பட்டவனுக்கு, எதிராளியோடு முழு வேகத்தில் பழகவே வாய்ப்பில்லை. பழகினால் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். எனவே அவன் தனியாகச் சுழற்றுகிறான். மேடைச் சுழற்றல் பிறந்த இடம் இதுதான்.

கொல்கத்தாவுக்கு மட்டும் பொருந்தும் கதை இது என்று நினைக்க வேண்டாம். பிலிப்பீன்ஸைப் பாருங்கள். 1521இல் மக்டான் தீவில் மகெல்லனை வீழ்த்திய மக்களின் நாடு அது. கம்பிலான் என்ற நீண்ட வாள் அங்கே வீரத்தின் அடையாளம். ஆனால் கலையைச் சுமந்துவந்தது எஸ்கிரிமா, ஆர்னிஸ் என்று அழைக்கப்படும் பிரம்புப் பயிற்சி. செபு நகரின் தோசே பாரெஸ் கழகம் 1932இல் தொடங்கியது. 2009இல் சட்டம் இயற்றி ஆர்னிஸைத் தேசிய தற்காப்புக் கலையாக அறிவித்தார்கள். ஸ்பானியர் வாளைத் தடை செய்ததால்தான் பிரம்பு வந்தது என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. போலோ என்ற நீண்ட வெட்டுக்கத்தி அங்கே ஒவ்வொரு விவசாயியின் இடுப்பிலும் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. வாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஆசான்கள் பிரம்பை எடுத்தார்கள். பிரம்பு மலிவு, பிளந்தாலும் சிலாம்பு தெறிக்காது, கூட்டாளியைக் கொல்லாமல் முழு வேகத்தில் அடிக்க விடும். வங்கத்தில் சட்டம் தள்ளிவிட்ட இடத்துக்கு அவர்கள் கற்பித்தலின் தேவையால் தாங்களே போய்ச் சேர்ந்தார்கள். சட்டம் ஒரு காரணம். கற்பிக்க வேண்டும் என்ற தேவை அதைவிடப் பெரிய காரணம்.

ஜாவா இதற்கு எதிர்ப்பக்கம். கிரிஸின் அழகை மறுக்க எனக்கு வாய் வராது. எம்பு எனப்படும் கொல்லர்கள் வெவ்வேறு உலோகத் தகடுகளை அடித்து மடித்து எழுப்பும் பாமோர் கோலங்கள் உலோகக் கலையின் உச்சம். யுனெஸ்கோ 2005இல் கிரிஸைச் சிறப்பித்தது நியாயமே. குடும்பச் சொத்தாக வழிவழியாக வருகிறது; சூரோ மாதத்தில் அதற்கு நீராட்டு நடக்கிறது. ஆனால் கிரிஸ் குத்துவதற்கான குறுங்கத்தி, அதிலும் பெரும்பாலும் உறையிலேயே இருந்து மரியாதை பெறுகிற கத்தி. அதை வைத்து வாள்வீச்சின் கதையை எழுத முடியாது. அந்த நாட்டின் சண்டைக் கலை பென்சாக் சிலாட்டில் இருக்கிறது. அது 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் தனியாகவே சேர்ந்தது. கத்திக்கு ஒரு பதிவு, கலைக்கு ஒரு பதிவு என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதே நான் சொல்வதற்குச் சாட்சி. தாய்லாந்தின் கிராபி கிராபோங்கில் இரு கை வாளும் நீள்தடியும் ஒரே பள்ளியில் இருக்கின்றன; ஆசான் வணக்கம், மேளம், பிறகு இருவர் மோதல். அங்கே இணை இல்லாமல் ஆட்டமே இல்லை. பர்மியத் தாவின் உறவினர் நம் நாட்டிலேயே உண்டு: அருணாசலத்துக் காம்திகள் ஒரு பக்கம் திறந்த மர உறையில் அணியும் தாவ். அது இன்றும் காட்டை வெட்டும், மூங்கிலைப் பிளக்கும், வீட்டைக் கட்டும். சண்டை அதற்குப் பல வேலைகளில் ஒன்று. சுவரில் மாட்டி அழகு பார்க்க அதைச் செய்தவர்கள் யாருமில்லை.

கொல்கத்தாவில் தடிக்கலை ஏன் பெரிய மனிதர்களிடம் மரியாதை இழந்தது என்பதற்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பொருளுக்கு இந்த நகரம் எப்போதும் முதலில் எழுந்து நின்றிருக்கிறது. 1929இல் தாகூர் ஜப்பானிலிருந்து தாகாகாகி ஷின்ஸோவை வரவழைத்துச் சாந்திநிகேதனில் ஜூடோ கற்பிக்கச் செய்தார்; பெண்களையும் அதில் சேர்த்தார் என்பதற்காக அவரை வணங்கலாம். ஆனால் அப்போது புலின் தாஸ் மேச்சுவா பஜாரில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும். கிராமத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தவர் குருசதய் தத். பீர்பூம் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது ராய்பேஷே ஆட்டத்தைக் கண்டு, பௌரி, பாக்தி, டோம் சமூகத்து ஆட்டக்காரர்களின் அந்த வில், ஈட்டி, வாள் அசைவுகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். தாம் 1932இல் தொடங்கிய பிரதசாரி இயக்கத்திலும் அந்த ஆட்டத்தைச் சேர்த்தார். நல்ல காரியம். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. ராய்பேஷேயில் வெட்டு உண்டு, தடுப்பு இல்லை. அது நடனமாகக் காப்பாற்றப்பட்டது. புலின் தாஸின் பாடத்தைக் காப்பாற்ற அப்படி ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி கிடைக்கவில்லை.

இப்போதைய நிலைக்கு வருவோம். ஆயுதச் சட்ட விதிகளில் இன்றும் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகு ஆயுதக் கணக்கில்தான் வருகிறது. மூங்கில் வராது. ஆனால் மூங்கிலும் மோகத்தில் சிக்கிவிட்டது. இங்கே லத்தி கேலா விழா நிகழ்ச்சிகளிலும் ஊரில் சிலம்ப மேடைகளிலும் தீப்பந்தம் கட்டிச் சுற்றுவது, சாதனைப் புத்தகத்துக்காக மணிக்கணக்கில் சுழற்றுவது என்று போட்டி நடக்கிறது. பிள்ளைகள் வியர்க்கிறார்கள், பெற்றோர் படம் எடுக்கிறார்கள். உழைப்பில் குறையில்லை. சுழற்றல் மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சி என்று ஆசான்கள் சொல்வார்கள். நல்லதுதான், பத்து நிமிடத்துக்கு. அதற்குமேல் அது கால்களை ஓரிடத்தில் நட்டுவைக்கப் பழக்குகிறது, எதிராளியின் தோளைப் பார்க்க வேண்டிய கண்ணைத் தன் தடியையே பார்க்கப் பழக்குகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? அகாடாவில் என்ன ஆயுதங்கள் மாட்டியிருக்கின்றன என்று பார்க்காதீர்கள். எத்தனை மாதத்தில் எதிரில் ஓர் ஆளை நிறுத்துவீர்கள் என்று ஆசானைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த அகாடாவுக்குப் போகலாம். இந்த நகரத்தில் அவை இன்னும் இருக்கின்றன.